அமாவாசைக்குத் தாங்குமா?

அவரை என்ன முறை சொல்லி எழுதுவது என்பதிலேயே எனக்கு முதல் சிக்கல். சில வருடங்கள் அண்ணி என்று கூப்பிட்டேன். பிறகு கோர்ட்டில் கையெழுத்து விழுந்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு யாரும் இல்லை என்று ஆகிவிட்டதாம். இப்போது வீட்டில் இருக்கும் அண்ணி நல்லவர், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் இதை எழுதி முடிக்கும்வரை பழையவரையே அண்ணி என்று எழுதிக்கொள்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அவர் நினைப்பு வந்ததற்குக் காரணம் ஒரு மெயில். எங்கள் வெப்சைட் இருக்கிற வாடகை சர்வரின் பழைய திட்டத்தை நிறுத்தப் போகிறார்கள், புதியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். வாடகை சர்வர் என்றால் தனியாக ஒரு பெட்டி என்று நினைக்க வேண்டாம். எங்கேயோ இருக்கிற பெரிய மெஷினில் நமக்கென்று தடுத்துக் கொடுக்கிற ஒரு பங்கு, அவ்வளவுதான். திறந்தால் வரிசையாகக் கட்டங்கள். மெமரி ஒரு ஜிபி, இரண்டு, நான்கு, எட்டு. அதற்குக் கீழே எந்த டேட்டாபேஸ் என்று இன்னொரு வரிசை. எதையும் அழுத்தாமல் மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், அண்ணனுடைய மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் அறை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை. நான் திரையைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக இருந்தேன். காதுக்குள் அண்ணியின் குரல்தான் கேட்டது.

"அமாவாசைக்குத் தாங்குமா, செல்வி?"

இந்தக் கேள்வியை அவர் கேட்காத பொருள் கிடையாது. கட்டில் வாங்கினாலும் கேட்பார், காய்கறிக் கூடை வாங்கினாலும் கேட்பார். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசைதோறும் கூடுகிற கூட்டம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு பஸ்ஸில் தொங்காதவன் செஞ்சிக்காரனே இல்லை. அண்ணிக்கு அது அதற்கும் மேல். அவர் பிறந்த வீடு வல்லத்தில், மெயின் ரோட்டின் மேலேயே. மெட்ராஸிலிருந்து கோயிலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் வல்லத்தில் இறங்கி, அவர்கள் வீட்டில் கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி வண்டி ஏறுவார்கள். யார் வருவார்கள், எத்தனை பேர் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்வது கிடையாது. அதனால் அந்த வீட்டில் அண்டா, பாய், கிணற்றுக் கயிறு எல்லாமே அந்த ஒரு நாளைக்கு அளவெடுத்து வாங்கியவை. மற்ற நாட்களில் அவை பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அப்படிச் சும்மா கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என் அண்ணி.

பெண் பார்க்கப் போனபோது அவர் எங்களைக் கேட்ட கேள்வியும் அந்த ஜாதிதான். அம்மா, "உனக்கு எதனா கேக்கணும்னா கேளும்மா" என்று சும்மா பேச்சுக்குச் சொன்னார். அண்ணி கொஞ்சமும் யோசிக்காமல், "உங்க வூட்ல ஒரே நேரத்துல எத்தினி பேரு சாப்புடுவீங்க?" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பூரித்துப் போனார். எவ்வளவு பொறுப்பான பெண், இப்போதே சமையலை நினைக்கிறாள் என்று. கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, அது சமையல் பற்றிய கேள்வியே இல்லை. எம்.சி.ஏ. படித்த மூளை. எங்கள் வீட்டையே ஒரு சர்வராக நினைத்துக்கொண்டு, உச்சத்தில் எவ்வளவு பேர் என்று விசாரித்திருக்கிறது.

டீ கொடுத்தால் டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்வார். மீதி இடம் எதற்கு என்றால், "கை ஆடுனா சிந்தாது" என்பார். சொந்தக்காரர்கள் கோட்டை பார்க்க வந்தால் ஊரே கல்யாண மகாலுக்கு அழைத்துப் போகும், போட்டோ நன்றாக வரும். அண்ணி மட்டும் நேரே நெற்களஞ்சியத்துக்குக் கூட்டிப் போவார். இருட்டான, வெறுமையான, வௌவால் நாற்றமடிக்கிற அந்தக் கட்டடத்தின் நடுவில் நின்றுகொண்டு மேலே அண்ணாந்து பார்ப்பார். "எதிரி வந்து சுத்தி நிக்கிற அன்னிக்கு கணக்குப் போட்டுக் கட்டியிருக்கான் பாரு. ஜோரா இருக்குது இல்ல?" என்பார். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஏதோ தங்கமான பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் குணத்தால் எங்களுக்கு வந்த நஷ்டமும் உண்டு. அம்மா ஆசையாக வாங்கிய புது மிக்ஸியை, பொங்கலுக்குத் தாங்குமா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று ஜார் நிறைய ஊறவைத்த உளுந்தைக் கொட்டி ஓடவிட்டார். கருகல் நாற்றம் வந்தது, மோட்டார் நின்றது. அம்மா அவரோடு பேசாமல் இருந்தார். அண்ணியோ, "நல்ல வேளை அத்தே, பொங்கல் அன்னிக்கு நின்னிருந்தா இன்னா பண்ணியிருப்போம்?" என்றார். மெதுவாக ஓட்டியிருந்தால் அந்த மிக்ஸி ஆயுசுக்கும் ஓடியிருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எனக்கும் அதே எண்ணம்தான். எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகவே அண்ணி சிலதை உடைத்தார்.

எங்கள் தொழில் சின்னது. கல்யாண மண்டபம், ரைஸ் மில், நர்சரி ஸ்கூல் என்று அக்கம்பக்கத்தாருக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். அண்ணி உள்வேலை, நான் மேல்பூச்சு. நான் படம் போட்டு ஜிகினா ஒட்டுவேன், அவர் வந்து பாதியைப் பிய்த்து எறிவார். நாங்கள் சண்டை போடாத நாள் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் மேல்மலையனூர் பையன்கள் சிலர் மாடிப்படி ஏறி வந்தார்கள். கூட்டத்தில் தொலைந்தவர்களை உட்கார வைத்து மைக்கில் கூப்பிடும் பந்தல் நடத்துகிறவர்கள் அவர்கள். பம்பை மேளச் சத்தத்தில் மைக் யார் காதிலும் விழவில்லை, கிடைத்தவர்களின் போட்டோவை எல்லாரும் செல்போனில் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

முதலில் நாங்கள் செய்தது ஒரு சாதாரண அட்டவணை. கோயில் வாசல் பந்தலில் ஒருவர், பஸ் நிற்கும் இடத்துப் பந்தலில் ஒருவர், இரண்டு பேரும் தட்டச்சு செய்வார்கள். போட்டோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்; பெயரும் வயதும் போட்டால் பதிவாகிவிடும். அதே பெயரும் வயதும் மறுபடி வந்தால், ஒரே ஆள்தான் என்று பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும். வேறு எந்த ஊருக்குச் செய்திருந்தாலும் இது ஓடியிருக்கும். நாங்கள் செய்து கொடுத்தது அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற கூட்டத்துக்கு. வருகிற பெண்களில் பாதிப் பேர் பெயர் அங்காளம்மா. வயது கேட்டால் எல்லாரும் குத்துமதிப்பாக அறுபது என்பார்கள். அந்த அமாவாசையில் ஒரு அங்காளம்மா இன்னொரு அங்காளம்மாவை விழுங்கிவிட்டார். அரக்கோணத்துக் குடும்பம் பதறி ஓடிவந்து பார்த்தால், பந்தலில் உட்கார்ந்திருந்தது தருமபுரி அம்மா.

"நானும் அங்காளம்மாதான், உங்க அம்மாவும் அங்காளம்மாதான், உள்ள குந்திக்கினு இருக்காளே அவளும் அங்காளம்மாதான். இதுல நீங்க பேர வச்சித் தேடுனா எப்பிடிய்யா கெடைக்கும்?" என்று அந்த அம்மா சிரித்தார்.

அரக்கோணத்து அம்மா கடைசியில் கிடைத்துவிட்டார். ஆனால் அவருடைய மகன் அதுவரை அழுத அழுகையைப் பார்த்த அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. செஞ்சியில் இறங்கியதும், "இதுக்கு தனி சர்வர் எடுக்கணும், செல்வி. ஒழுங்கான டேட்டாபேஸ் வைக்கணும். இது வெளையாட்டு இல்ல" என்றார்.

மறுநாள் அறையில் பஞ்சாயத்து. அண்ணனும் மேலே வந்துவிட்டார். எஸ்கியூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸே போதும் என்றேன் நான். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஒரே ஒரு ஃபைல், சின்ன சைட்டுக்கு அதுவே நிறைவு.

"படிக்கிறவங்களுக்கு அது செரிதான்" என்றார் அண்ணி. "எழுதுறவங்களுக்கு அது ஒத்த சன்னல் ரேஷன் கடை. ஒருத்தர் எழுதி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க நிக்கணும். நமக்கு ரெண்டு பந்தல் நாளைக்கு பத்து பந்தல் ஆவும். எல்லாரும் ஒரே நேரத்துல எழுதுவாங்க. போஸ்ட்கிரஸ் வைப்போம். அதுல பல சன்னலு."

"செரி, வை. மெமரி ஒரு ஜிபி போதும் இல்ல?" இது அண்ணன்.

"எட்டு."

அண்ணன் சிரித்துவிட்டார். "மாசம் முழுக்க ஈ ஓட்டப் போவுது. ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு இம்மாம் பெருசு?"

"நம்ம பஸ் ஸ்டாண்டு எதுக்கு இம்மாம் பெருசு?"

அண்ணி மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். டேட்டாபேஸ் முதல் பந்தி, அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிறகு, பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி. இதெல்லாம் போக பாதி காலியாக இருக்க வேண்டும். காலி இல்லாவிட்டால் மெஷின் மெமரியில் வைக்க இடமில்லாததை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், சாப்பிட வந்தவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்புகிற மாதிரி. போய் வருவதற்குள் எல்லாம் நின்றுவிடும். "நிக்கிற அன்னிக்குத்தான் ஒரு அம்மா புள்ளைய தேடிக்கினு இருக்கும்" என்று முடித்தார். அண்ணன் சரி என்று கீழே போனார். அவர் எப்போதும் அப்படித்தான், யாரோடும் சண்டைக்கு நிற்க மாட்டார்.

அங்காளம்மா தொல்லைக்கும் அண்ணி வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு போட்டோ. பெயர் இரண்டாம் பட்சம். அதோடு புதிதாக ஒரு கட்டம்: கூப்பிடும் முறை. தொலைந்த குழந்தையிடம் அம்மா பெயர் என்ன என்றால் அம்மா என்றுதான் சொல்லும். ஆனால் அப்பாவை நைனா என்கிறதா, டாடி என்கிறதா என்று தெரிந்தால் தேடுவதற்குப் பாதி வேலை முடிந்தது. வயதானவர்களிடமும் அப்படியே. "உங்கள இன்னான்னு கூப்புடுவாங்க?" என்று கேட்டால், சொந்தப் பெயரை மறந்தவர்கள்கூட ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். நான் போட்டிருந்த பூ, கோபுரப் படம் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தார். "சிக்னல் இல்லாத கூட்டத்துல ஒம்பூவு எறங்கறதுக்குள்ள புள்ள மெட்ராஸ் போயிடும்" என்றார். எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் சொன்னது நிஜம்.

பிறகு சோதனை. மிக்ஸி ஞாபகத்தில் நான் பயந்துகொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே படிக்கிற பெண்களை எல்லாம் படிக்கட்டில் நிற்கவைத்து, கையில் போனோடு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு!" என்று கத்தினார். அதுபோக ஒரு நிரலை ஓடவிட்டு ஆயிரக்கணக்கில் பொய் ஆட்களை உள்ளே அனுப்பினார். சர்வர் தாங்கியது. அந்தப் பெண்களுக்கெல்லாம் கீழே கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த மாசித் திருவிழாவில் சைட் ஒரு முறையும் நிற்கவில்லை. அண்ணி அன்றைக்குக் கோயிலுக்கே வரவில்லை. அறையில் உட்கார்ந்து மெமரி எவ்வளவு காலி என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நைனா, எங்கள் அப்பா, வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி அவர் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தார். நைனாவுக்கு அந்தத் திரையில் ஒன்றும் புரியாது. ஆனாலும், "தாங்குதாம்மா?" என்று நடுநடுவே கேட்பார். "தாங்குது மாமா" என்று அண்ணி சொல்வார். பெற்ற பெண் என்னிடம்கூட நைனா அவ்வளவு பேசியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனிமேல் சொல்ல வேண்டியது எனக்குப் பிடிக்காத பகுதி. சொல்லாமலும் முடியாது.

என் அண்ணன் நல்லவர். சாயந்திரமானால் மல்லிகைப் பூ வாங்கி வருவார், கோபமாக ஒரு சொல் சொல்ல மாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சாப்பிட்டு எழுந்துவிடுவார். சாதாரண நாட்களில் அவரைப் போல ஒரு புருஷன் கிடைக்க மாட்டான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டரிடம் போனார்கள். குறை அண்ணன் பக்கம் என்று டாக்டர் சொன்னதை அண்ணன் நைனாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அம்மாவுக்கோ எனக்கோ அப்போது தெரியாது. பிறகு திண்டிவனத்தில் பெரியம்மா பேரனுக்குக் காதுகுத்து. போக வேண்டாம், எதையாவது கேட்பார்கள் என்று அண்ணன் தயங்கினார். போகலாம் என்று அண்ணிதான் கிளப்பினார்.

பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பெரியம்மா ஆரம்பித்தார். "எங்க புள்ள மாதிரி ஆளுக்கு இப்பிடியா வாய்க்கணும்? வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு இருந்தா எங்கேருந்து தங்கும்?" அதைக் கேட்டு இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாத அளவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை, அண்ணனை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பொய் ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திரையைப் பார்ப்பாரே, அதே பார்வை. அண்ணன் இலையில் இருந்த அப்பளத்தைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, "அவ மேல தப்பில்ல" என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை.

நைனாதான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவக்கூட இல்லை. அண்ணி பக்கத்தில் வந்து நின்று, "வாம்மா, போலாம்" என்றார். இரண்டு பேரும் பஸ் ஏறி செஞ்சிக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணி அழுது புரளவில்லை, சத்தம் போடவில்லை. சில மாதங்கள் ஒன்றுமே நடக்காதது போல இருந்துவிட்டு வல்லத்துக்குப் போனார், அங்கிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போனார், பிறகு வக்கீல் மூலமாகப் பேச்சு வந்தது. அண்ணன் அதற்கும் சண்டை போடாமல் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அண்ணிமேலும் இருக்கிறது. கேட்பார்கள் என்று தெரிந்தேதானே அந்த விசேஷத்துக்கு அவரைக் கூட்டிப் போனீர்கள் அண்ணி? மெதுவாக ஓட்டியிருந்தால், அந்த மிக்ஸியைப் போல இதுவும் ஓடியிருக்காதா? கேட்கத் தைரியம் வரவில்லை. கிளம்பிய அன்று அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "யாரு இன்னா சொன்னாலும் மெமரிய கொறைச்சிடாத, செல்வி."

நான் குறைக்கவில்லை. வருடங்கள் போயின. அண்ணனுக்கு மறுபடி கல்யாணம் ஆனது. புது அண்ணிக்கு முதல் கணவர் தவறிவிட்டார், ஒரு பெண் குழந்தை. அந்தக் குட்டி வந்ததிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நைனாவுக்கு மட்டும் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு நாங்கள்.

போன ஆடி அமாவாசைக்கு நைனா கோயிலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நானும் அண்ணனும் கூட்டிப் போனோம். பொழுது சாயும் நேரம், ஸ்பெஷல் பஸ்கள் வந்து வந்து கொட்டுகின்றன. அண்ணன் தண்ணீர் வாங்கப் போனார். ஒரு பம்பைக்காரர் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. என் கையில் இருந்த நைனாவின் கை இல்லை.

தொலைந்தவர்களைத் தேடும் சைட் நடத்துகிறவள், பெற்ற தகப்பனைத் தொலைத்துவிட்டு நின்றேன். கத்திக் கூப்பிட்டேன். யார் காதில் விழும்? போனை எடுத்து எங்கள் சைட்டையே திறந்தேன். அத்தனை கூட்டத்திலும் பக்கம் டக்கென்று வந்தது. கூப்பிடும் முறையில் நைனா என்று போட்டேன். திரை நிறைய நைனாக்கள். எந்த ஊர் நைனாக்களெல்லாமோ பந்தலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். எங்கள் நைனா இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். திரும்பி வந்த அண்ணன் ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் ஓடினேன். இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டுக்குப் போய்விட்டாரோ, பஸ் அடியில் விழுந்துவிட்டாரோ என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். கடைசியில் எந்த முறையும் போடாமல், பெயர் தெரியாத பெரியவர்கள் என்று மட்டும் தேடினேன். போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பட்டன் மாற்றிப் போட்ட சட்டையோடு நைனா இருந்தார். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: பெயர் தெரியவில்லை. கூப்பிடும் முறை: மாமா.

இப்போது எங்கள் வீட்டில் அவரை மாமா என்று கூப்பிட ஆள் இல்லை. புது அண்ணி அப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன். அங்கிருந்த தம்பிக்கு என்னைத் தெரியும். "அக்கா, உங்க நைனாவா? பேரு கேட்டா சொல்லவே மாட்டேங்குறாரு. 'என்னை மாமான்னு கூப்புடும், அது கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு இருக்கும், வந்துடும்'னே சொல்லிக்கினு இருக்காரு" என்றான். நைனா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"நீ யாரு?"

"உங்க பொண்ணு நைனா. செல்வி."

"செரி, இரு. மருமவ வந்துடட்டும்."

இழுத்தேன், கெஞ்சினேன். எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் கத்துகிறார். வேறு வழி தெரியாமல் அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை. எடுத்தார். ஹலோ இல்லை, நலமா இல்லை.

"ஒரே நேரத்துல எத்தினி பேரு உள்ள இருக்காங்க?"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "சைட்டு நல்லாத்தான் ஓடுது, அண்ணி."

அண்ணி என்ற சொல் அவருக்குப் போய்ச் சேர நேரமானது போலிருந்தது. "அப்பறம் இன்னா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "போன ஸ்பீக்கர்ல போடு" என்றார். போட்டு நைனாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"மாமா."

நைனாவின் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்? எங்கள் யாருக்கும் காட்டாத முகம் அது. போனைப் பார்த்து அவர் சொன்னார்: "வாம்மா, போலாம்."

பம்பைச் சத்தத்துக்கு நடுவில் அண்ணி மூச்சு விடுவது கேட்டது. "நீங்க முன்னால போங்க மாமா. செல்வி கையப் புடிச்சிக்கினு போங்க. நான் பின்னாடியே வரேன்."

நைனா எழுந்துகொண்டார். திரும்பினேன். தண்ணீர் பாட்டிலோடு அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. பாட்டிலைத் திறந்து நைனாவிடம் கொடுத்தார். செஞ்சி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் போன வருடத்துக் கதை. இன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மாடிக்கு வந்தார், ஏதோ பில் கேட்டு. திரையைப் பார்த்தார். ஒரு ஜிபி, இரண்டு, நான்கு, எட்டு. மாசம் முழுக்க ஈ ஓட்டுகிறது என்பார் என்று நானும் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"பெருசாவே எடு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமாவாசைக்குத் தாங்கணும் இல்ல?"

சொல்லிவிட்டு, வாங்க வந்த பில்லைக் கேட்காமலே படி இறங்கிப் போய்விட்டார். கீழே கடையில் யாரோ சார்ஜர் விலை கேட்கும் குரல் கேட்டது. நான் எட்டை அழுத்தினேன்.